கைப்பேசியில் பாடம்: பெற்றோர் செய்ய வேண்டுவன

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறை கைப்பேசிக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதன் பின்னரும் வீட்டுப்பாடமும் காணொளிப் பாடமும் கைப்பேசியில் தொடர்கின்றன.

கண் மருத்துவப் பிரிவுக்கு வரும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பெற்றோர் சிலர், "நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது?" என வினவுகின்றனர். பாடம் கற்பிப்பது ஆசிரியரின் பணி. பெற்றோரின் பணிக்கு எழுத்தறிவு தேவையில்லை.

பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. தறி வேலைக்கோ காட்டு வேலைக்கோ சென்ற தந்தை இரவில் திரும்பிய பின்னரே அது பிள்ளையின் கைக்கு வருகிறது. விளக்கணைத்த அறையில் படுத்தவாறு, கண்ணருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இவ்வாறே தொடங்குகிறது. நெடுநேரம் அருகில் உற்றுப் பார்க்கும் குழந்தைக்குக் கிட்டப்பார்வை உண்டாகும் வாய்ப்பு மிகுதி. இமைப்பது குறைவதால் கண் உலரும். நம் பகுதியின் வறண்ட காற்று அதனை மேலும் கூட்டும்.

பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• இயலுமாயின், காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கைப்பேசியைக் கொடுங்கள். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பப் பெறுங்கள்.

• 1 முதல் 8 வகுப்பினருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரு இணைய வகுப்புகளே போதும் என்பது 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். வீட்டிலும் அதையே அளவாகக் கொள்ளுங்கள்.

• விளக்கொளியில் நிமிர்ந்து அமரச் செய்து, கைப்பேசியை ஒரு முழ தூரத்தில் சாய்த்து வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள வேப்பமரத்தையோ கூரையையோ 20 நொடி பார்க்கட்டும்.

• வெயில் தணிந்த காலையிலும் மாலையிலுமாக, நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடட்டும். இது கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கும்.

• அருகில் அமர்ந்து, "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். திருப்பிச் சொல்லும்போது பாடம் மனத்தில் பதியும்.

கண்களைச் சுருக்கிப் பார்த்தல், தொலைக்காட்சியை நெருங்கி அமர்தல், அடிக்கடி தலைவலி, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பிழை ஆகியவற்றைக் கண்டால் தாமதமின்றிப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். பார்வை மங்கலாக இருப்பது குழந்தைக்கே தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது எண்ணிக்கொள்ளும். சிறு வயதில் திருத்தப்படாத குறைபாடு அக்கண்ணின் பார்வை வளர்ச்சியையே தடுத்துவிடக்கூடும். கண்ணாடி அணிவதால் குறைபாடு கூடாது. படிப்பில் நாட்டமில்லை எனப் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அதன் கண்களை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.