பாட்டி பார்த்த கடிகாரம்: ஒரு பகல் படம் ராத்திரி ஆன கதை

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம். பாலஸ் ஹுக் துறையிலிருந்து படகில் மன்ஹாட்டனுக்குக் கிளம்பினோம். பையன் பின்பக்கம் நின்று ஜெர்சி சிட்டி கரையை போனில் படம் எடுத்தான். அவனுக்கு வயசு பன்னிரண்டு. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தவன், தூங்கப் போகறதுக்குள்ள அந்தப் படத்தை ராத்திரியாகவே மாத்திட்டான். கருநீல வானம், ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், ஹட்சன் தண்ணீரில் அதன் கோடுகள். "சூப்பர்டா!" என்று நானும் சொன்னேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் படுத்துட்டான்.

அரை மணி நேரத்தில் திருச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டாங்க. "ஏண்டி, ராத்திரி மூணே கால் மணிக்கா குழந்தையைப் படகுல கூட்டிட்டுப் போனே?"

படத்தை மறுபடி பார்த்தேன். கரையோரம் கோல்கேட் கடிகாரம். 1924இலிருந்து ஆற்றைப் பார்த்து நிற்கிறது, 50 அடி விட்டம். அது மூணே கால் காட்டிக்கொண்டிருந்தது! பையன் வானத்தை மாற்றினான், ஜன்னல்களை மாற்றினான், மணியை மறந்துட்டான்.

சிரிச்சுக்கிட்டே விஷயத்தைச் சொன்னேன். அம்மா சிரிக்கலை. "தினம் போன்ல நூறு பொய்ப் படம் வருது. பேரன் அனுப்பறதாவது நிஜம்னு நினைச்சேன். அப்போ போன மாசம் பரிசு வாங்கற படம் அனுப்பினானே, அதுவும் இப்படித்தானா?"

அப்பா ரிடையர் ஆனதும் ரெண்டு பேரும் ஊருக்கே திரும்பிட்டாங்க. வருஷத்துக்கு ஒரு முறைதான் நேரில் பார்க்கிறோம். நடுவில் பேரனை அவங்களுக்குத் தெரிவது இந்தப் படங்கள் வழியாகத்தான். அதனால அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உலுக்கிடுச்சு.

இது புது வித்தை இல்லை

பகலை ராத்திரி ஆக்குவதில் சினிமாக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கைதேர்ந்தவர்கள். நம்ம நியூ ஜெர்சிக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. 1893இல் வெஸ்ட் ஆரஞ்சில் எடிசன் கட்டிய 'பிளாக் மரியா' ஸ்டுடியோவின் கூரை திறக்கும். வெயிலைத் தொடர்ந்து கட்டடமே சுழலும். அந்தக் கால ஃபிலிமுக்கு அவ்வளவு வெளிச்சம் தேவைப்பட்டது. ராத்திரியில் வெளியே போய் எடுப்பது நடக்காத காரியம். அதனால் பகலில் எடுத்து, ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றி ராத்திரி என்றார்கள். பிறகு கறுப்பு வெள்ளைப் படங்களில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்தால் நீல வானம் கறுத்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'அமெரிக்க ராத்திரி'. 1973இல் த்ரூஃபோ அந்தப் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' படத்தின் ராத்திரிக் காட்சிகளும் நமீபியா பாலைவனத்தில் பட்டப்பகலில் எடுத்ததுதான். வேண்டுமென்றே வெளிச்சம் கூட்டி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் இருட்டாக்கி நீலமாக்கினார்கள்.

ஏன் நீலம்? முழு நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் சுமார் நாலு லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த மங்கலில் நம்ம கண்ணுக்கு நிறங்கள் சரியாகத் தெரியாது. சிவப்பு சீக்கிரம் கறுத்துப் போகும், நீலம் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். நிலா வெளிச்சம் உண்மையில் நீலம் கிடையாது, கண் அப்படிக் காட்டுகிறது.

பசங்களோடு செய்து பாருங்கள்

போட்டோஷாப்தான் வேண்டும் என்பதில்லை. 'கிம்ப்' இலவசம். தொண்ணூறுகளில் பெர்க்லியில் படித்த ரெண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. பிரவுசரிலேயே ஓடும் 'ஃபோட்டோபீ'யும் போதும்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுப்பது. மேகமூட்டமான நாளில் எடுத்தது நல்லது. வெயிலில் எடுத்த படத்தில் நிழல் கத்தி மாதிரி விழுந்திருக்கும், எவ்வளவு இருட்டாக்கினாலும் பகல் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, ஒரிஜினலைத் தொடாமல் அதன் நகல் லேயரில் வேலை செய்யுங்கள். எக்ஸ்போஷரைக் குறையுங்கள், ஒயிட் பேலன்ஸை நீலப் பக்கம் தள்ளுங்கள், நிறங்களின் அடர்த்தியை, முக்கியமாகச் சிவப்பை, இறக்குங்கள். ஒரேயடியாகக் கறுப்பாக்க வேண்டாம், உருவங்கள் லேசாகத் தெரியணும். வானத்தை மேலே அடர்த்தியாகவும் அடிவானத்தில் கொஞ்சம் வெளிறியும் விடுங்கள்.

கடைசியில் விளக்குகள். புது லேயரில் சில ஜன்னல்களை மட்டும் மஞ்சளாக நிரப்பி, பிளெண்ட் மோடை 'ஸ்கிரீன்' ஆக்குங்கள். எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தால் பொம்மை வீடு மாதிரி இருக்கும். அதே லேயரை நகலெடுத்து பிளர் செய்தால் விளக்கைச் சுற்றி ஒளி பரவும். தண்ணீர் இருந்தால் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே நீளமான கோடு வேண்டும்.

அப்புறம், கடிகாரம் இருக்கா என்று பாருங்கள்!

எங்க வீட்டு விதி

மறுநாள் காலை பையனிடம் பாட்டி கேட்டதைச் சொன்னேன். "நான் பொய் சொல்லலையே அம்மா, எடிட்தானே பண்ணேன்" என்றான். அவன் சொல்வதும் சரிதான். ஆனால் எடிட் பண்ணினேன் என்று பாட்டியிடம் சொல்லவும் இல்லை.

1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையைக் காட்டினேன். நெட்டுவாக்கு அட்டையில் அடங்கணும் என்பதற்காக கீஸா பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்துவிட்டார்கள். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அந்த அட்டையைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். சினிமாவில் பகலை ராத்திரி ஆக்கினால் யாரும் கோபப்படுவதில்லை. அது கதை என்று தெரிந்துதான் பார்க்கிறோம். பாட்டி கதை பார்க்கவில்லை, பேரனைப் பார்த்தாங்க.

பேசி ஒரு விதி வைத்தோம். என்ன வேணா மாத்தலாம். ஆனா அனுப்பும்போது ஒரிஜினலும் கூடப் போகணும், கீழே ஒரு வரி இருக்கணும். பையன் தானே தட்டுத் தடுமாறித் தமிழில் டைப் பண்ணினான்: "பாட்டி, இது பகல்ல எடுத்தேன். நான்தான் ராத்திரியா மாத்தினேன். பரிசு வாங்கின படம் நிஜம்."

ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "இவ்வளவும் நீயேவா பண்ணினே கண்ணு? இந்த ஜன்னல் எல்லாம் எப்படி?" முதல் நாள் கிடைக்காத பாராட்டு உண்மையைச் சொன்ன பிறகுதான் கிடைத்தது.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஆற்றங்கரை நடைபாதைக்குப் போனோம். வீடியோ காலில் பாட்டி. எங்களுக்குப் பின்னால் மன்ஹாட்டன் விளக்குகள். அவங்களுக்குப் பின்னால் காலை ஆறரை மணி வெயில், மொட்டை மாடிக் கொடியில் துணி. பையன் போனைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பினான்.

"மணி என்ன காட்டுது பாட்டி?"

அம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு நிதானமாப் பார்த்தாங்க. "ஒன்பது அஞ்சு. இப்ப சரியா இருக்கு."