இன்டர்கூலர் – காற்றுக்கும் ஒரு ரேடியேட்டர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



போன தீபாவளி சீசனில் எங்கள் மாமாவுக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. அவர் லாரி டிரைவர். சிவகாசியில் பட்டாசு லோடு ஏற்றினால் விருதுநகர், மதுரை, கரூர், சேலம் என்று வடக்கே போய்விட்டுத்தான் திரும்புவார். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று மூன்றரைக்கு இறங்கிவிட்டது. ஓனர் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீசல் எங்கய்யா போகுது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷர் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்.

"தொப்பூர் ஏத்தத்துல நல்லா இழுத்த வண்டி மாப்ள. இப்போ கீழ் கியர் போட்டாலும் திணறுது. புகை கருப்பாத் தள்ளுது. ஏறுறப்போ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வேற வருது. சொன்னா யாரு கேக்குறா? நீதான் இதைப் படிக்கிறியே, என்னன்னு சொல்லு."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். தெர்மல் என்ஜினியரிங்கில் நல்ல மார்க்கும் வாங்கியவன். ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிய பதில் ஒன்றும் அப்போது கைகொடுக்கவில்லை. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எஞ்சின் சாப்பிடுவது காற்றைத்தான்

டீசல்தான் எஞ்சினுக்குச் சாப்பாடு என்று நினைக்கிறோம். உண்மையில் அது சாப்பிடுவதில் பெரும்பங்கு காற்றுதான். 1 கிலோ டீசல் முழுதாக எரிய குறைந்தது 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் டீசல் எஞ்சினுக்கு அதைவிடக் கூடுதலாகவே காற்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும்.

இங்கே கவனிக்க வேண்டியது, காற்றை நாம் கிலோவில் சொல்கிறோம், லிட்டரில் அல்ல. நம் பக்கத்துப் பஞ்சு வியாபாரத்தை நினைத்துப் பாருங்கள். உதிரிப் பஞ்சை அடைத்த சாக்கும், அழுத்திக் கட்டிய பொதியும் பார்வைக்கு ஒரே அளவாக இருக்கலாம். தராசில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். சிலிண்டர் என்ற சாக்கின் அளவு மாறாது. அதற்குள் எத்தனை கிலோ காற்று போகிறது என்பதுதான் கேள்வி.

காற்று சூடானால் விரியும், அடர்த்தி குறையும். 25 டிகிரியில் 1 கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.17 கிலோ. அதே காற்று 40 டிகிரியில் 1.11 கிலோதான். அதாவது நம் விருதுநகர் சித்திரை வெயிலில் எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 5 சதவீதம் காற்றை இழக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். மழை குறைந்த இந்த வறண்ட வெயில் அந்தத் தொழிலுக்குப் பெரிய துணையாக இருந்தது. குச்சியைக் காயவைத்துக் கொடுத்த அதே வெயில், தீப்பெட்டியைச் சுமந்து போகும் லாரிக்கு மட்டும் உதவுவதில்லை!

டர்போ கொடுப்பதும் எடுப்பதும்

காற்று போதவில்லை என்றால் அழுத்தித் திணிக்கலாமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் சூப்பர்சார்ஜரும் டர்போசார்ஜரும். சூப்பர்சார்ஜரை கிராங்க் ஷாப்ட் பெல்ட் அல்லது கியர் மூலம் சுற்றும். டர்போவை வெளியே போகிற புகையே சுற்றும். வீணாகப் போகும் புகையின் சக்தியைப் பிடித்துக் காற்றை அழுத்தலாம் என்று 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரட் பூச்சி என்ற என்ஜினியர்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறீர்களா? நாலு அடி அடித்துவிட்டு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். அழுத்துவது டர்போவா, சூப்பர்சார்ஜரா, நம் கையா என்று இயற்கை பார்ப்பதில்லை.

சரி, எவ்வளவு சூடாகும்? ஒரு கணக்குப் போடுவோம். வெளிக்காற்று 40 டிகிரி. டர்போ அதன் அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், டர்போவைவிட்டு வெளியே வரும் காற்று சுமார் 138 டிகிரி! தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் காற்றும் இரண்டு மடங்கு என்றுதானே நினைப்போம்? இல்லை. பி.வி = எம்.ஆர்.டி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 1 கன மீட்டரில் 1.70 கிலோ காற்றுதான் வருகிறது. ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. டர்போ ஒரு கையால் கொடுத்ததில் பாதிக்கு மேல்தான் மிஞ்சுகிறது. மீதியைச் சூடு பறித்துக்கொள்கிறது.

பறித்ததை மீட்பவர்தான் நம் கதாநாயகன் இன்டர்கூலர்.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்டர்கூலரைப் பார்த்தால் இன்னொரு ரேடியேட்டர் போலவே இருக்கும். ரேடியேட்டரின் குழாய்களில் தண்ணீர் ஓடும், இதில் காற்று ஓடும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்று அலுமினியக் குழாய்களுக்குள் போகிறது. குழாய்களுக்கு இடையே மெல்லிய துடுப்புகள், அதாவது ஃபின்கள். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றும், ஃபேன் இழுக்கும் காற்றும் அந்த ஃபின்களில் உரசிச் சூட்டை வாங்கிக்கொண்டு போகின்றன. எங்கள் மாமா இதற்கு வைத்த பெயர் 'காத்து ரேடியேட்டர்'. இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நம் உதாரணத்தில் நல்ல நிலையில் உள்ள இன்டர்கூலர் 138 டிகிரிக் காற்றை 65 டிகிரி வரை இறக்கும். குழாய்களுக்குள் நுழைந்து வருவதால் அழுத்தத்தில் 5 சதவீதம் போய்விடுகிறது என்று கழித்துவிட்டுப் பார்த்தாலும், 1 கன மீட்டரில் 1.96 கிலோ காற்று. இன்டர்கூலர் இல்லாததைவிட 15 சதவீதம் கூடுதல். இத்தனைக்கும் அதில் சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லை.

"ரேடியேட்டர் தண்ணீரிலேயே இந்தக் காற்றையும் குளிர வைத்தால் என்ன?" என்று நம் ஜூனியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அப்படியும் செய்திருக்கிறார்கள். கம்மின்ஸ் எஞ்சினில் '6 பி.டி.ஏ.' என்ற எழுத்துக்களைப் பார்த்தால், டர்போ காற்றை எஞ்சின் தண்ணீராலேயே குளிர வைக்கும் வகை என்று பொருள். ஆனால் அந்தத் தண்ணீரே 85, 90 டிகிரியில் இருக்கும். அதற்குக் கீழே காற்றை இறக்க அதனால் முடியாது. '6 பி.டி.ஏ.ஏ.' என்று இன்னொரு 'ஏ' சேர்ந்தால் காற்றைக் காற்றாலேயே குளிர வைக்கும் வகை. நம் டாடா லாரிகளில் 'டி.சி.ஐ.சி.' என்று இருப்பதற்கும் டர்போசார்ஜர், இன்டர்கூலர் இரண்டும் உண்டு என்றே அர்த்தம். இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பதும் இதனால்தான். பின்னால் வைத்தால் ரேடியேட்டரின் சூட்டில் வெந்த காற்றுதான் அதற்குக் கிடைக்கும்.

தண்ணீரால் குளிர வைக்கும் முறை வேறு இடங்களிலும் உண்டு. விருதுநகர் ஜங்ஷனில் நாம் பார்த்து வளர்ந்த பழைய டபிள்யூ.டி.எம்.2 டீசல் ரயில் எஞ்சின் 2600 குதிரைத்திறன் கொடுத்தது. அதில் டர்போவும், தண்ணீரால் குளிரும் ஆஃப்டர்கூலரும் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9 விமானத்தின் மெர்லின் எஞ்சினில் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர். அதற்கும் இன்டர்கூலர் தேவைப்பட்டது.

சக்தி மட்டும்தானா?

இல்லை. உள்ளே போகும் காற்று குளிர்ந்திருந்தால் எரியும்போது ஏற்படும் உச்சச் சூடும் குறையும். பிஸ்டனும் எக்ஸாஸ்ட் வால்வும் பிழைக்கும். அந்த உச்சச் சூட்டில்தான் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சு வாயுக்கள் பெருமளவில் உண்டாகின்றன. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4-ம், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6-ம் வந்தபின், இன்டர்கூலர் இல்லாமல் ஒரு கனரக டீசல் லாரியைத் தயாரிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பெட்ரோல் எஞ்சினுக்கு இன்னொரு லாபம் உண்டு. காற்று சூடாக இருந்தால் கலவை முன்கூட்டியே தானாக வெடித்து 'நாக்கிங்' தட்டும். இன்றைய சின்ன டர்போ பெட்ரோல் கார்களிலும் இன்டர்கூலர் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மாமாவின் வண்டிக்கு என்ன?

இப்போது கதைக்கு வருவோம். ஓனர் இரண்டு இடங்களில் வண்டியைக் காட்டினார். ஒரு இடத்தில் இன்ஜெக்டர் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் டீசல் பம்பைக் கழற்றி மாட்டினார்கள். பணம் போனதே தவிர புகை போகவில்லை. மாமாவின் பெயரும் தேறவில்லை.

மூன்றாவதாக, வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது. லீவு நாள் என்பதால் நானும் போயிருந்தேன். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சத்தம் எப்போ வருது? சும்மா நிக்கிறப்போ வருதா, ஏறுறப்போ வருதா?" என்று கேட்டார். "ஏறுறப்போ மட்டும்தாண்ணே." "அப்போ காத்து ஓஸைப் பாப்போம்" என்றார்.

இன்டர்கூலர் பைப்பின் ஒரு முனையைக் கட்டை வைத்து அடைத்து, மறுமுனையில் கம்ப்ரஸரிலிருந்து காற்றை அளவாக விட்டு, சோப்புத் தண்ணீரைத் தடவினார். "கட்டை தெறிக்கும், முன்னால நிக்காதே தம்பி" என்று என்னை ஒதுங்கச் சொன்னார். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு விரல் நீள வெடிப்பில் நுரை பொங்கியது!

அப்போதுதான் எனக்குப் பாடம் புரிந்தது. வண்டி ஐடிலில் நிற்கும்போது டர்போ அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. வெடிப்பு மூடியே இருக்கும். தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அழுத்தம் கூடும், வெடிப்பு வாய் திறக்கும், அழுத்திய காற்று உஸ்ஸென்று ரோட்டில் போகும். பழைய மெக்கானிக்கல் பம்புக்கு இது தெரியாது. மிதித்த அளவுக்கு டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காற்று இல்லாத டீசல் கரும்புகையாகிவிடும். காணாமல் போன டீசல் யார் வீட்டுக்கும் போகவில்லை நண்பர்களே, சைலன்ஸர் வழியாக வானத்துக்குத்தான் போனது.

நாம் செய்யக்கூடியவை

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

1. ஓஸையும் கிளாம்பையும் முதலில் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு கரி படிந்த இடம் இருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று சந்தேகப்படுங்கள்.

2. ஃபின்களில் தூசி அடைக்கவிடாதீர்கள். ராஜபாளையம் பக்கம் பஞ்சு, சிமெண்ட் லோடு வண்டியில் சிமெண்ட் தூசி, ராத்திரி ஓட்டத்தில் பூச்சிகள் என்று எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். நம் கணக்கில் 65 டிகிரிக்கு இறக்கிய இன்டர்கூலர், அடைத்துக்கொண்டு 99 டிகிரி வரைதான் இறக்கினால், 1.96 கிலோ காற்று 1.78 கிலோ ஆகிவிடும். 9 சதவீதம் நஷ்டம்.

3. கழுவும்போது வண்டி ஆறியிருக்க வேண்டும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். வேகமாக அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

4. இன்டர்கூலருக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் டர்போவின் சீலைச் சோதியுங்கள். கழுவி மாட்டினால் மட்டும் போதாது.

5. ஆயுத பூஜைக்கு முகப்பில் வாழைக் கன்று கட்டுகிறோம். மாலை, தோரணம், பேனர் எல்லாம் கட்டுகிறோம். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லோடு ஏற்றிக் கிளம்பும்முன் கிரில்லை மறைப்பதை அவிழ்த்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது!

புதிய ஓஸ் மாட்டியபின் வண்டி பழையபடி லிட்டருக்கு நாலு கொடுத்தது. ஓனர் மாமாவிடம் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. அடுத்த லோடுக்குச் சாவியை நீட்டினார். மாமாவும் வாங்கிக்கொண்டார். என்னிடம் மட்டும், "அந்த சத்தத்தை நான் முதல் நாளே சொன்னேன்லா மாப்ள" என்றார். இரண்டு பட்டறையிலும் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

நாளை நம்மில் பலர் சர்வீஸ் சென்டர்களில், டிப்போக்களில், பட்டறைகளில் வேலைக்குப் போவோம். புதிய வண்டிகளில் சென்சார் வந்துவிட்டது. காற்றழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனாலும் விளக்கு எரியாத பழைய வண்டிகள் நம் ரோட்டில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுபவர் வந்து "ஏறுறப்போ ஒரு சத்தம் வருது" என்று சொன்னால், டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிடுங்கள். அவர் பெயரும் அந்த ஓஸைப் போல ஒரு வெடிப்பில் போய்க்கொண்டிருக்கலாம்.