ஸ்கேன் பண்ணிட்டா போதுமா? இணைய யுகத்தில் நூலகர்களின் புது வேலை!

``எல்லாம்தான் கூகுள்லயே கிடைக்குதே... இனிமே லைப்ரரியன் எதுக்கு?'' நூலகர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், இணையத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்கும்படி வைத்தது யார்?

ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம். நம் கண்ணுக்கு அது எழுத்து; கம்ப்யூட்டருக்கு போட்டோ. அதை எழுத்தாக மாற்ற ஓ.சி.ஆர். மென்பொருள் வேண்டும். இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல் வருகிறது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும்வரை `லை', `னை', `ணா', `றா' போன்றவற்றுக்கு வேறு வடிவங்கள் இருந்தன. யானைத் துதிக்கை மாதிரி வளைந்த அந்த `லை' நம் தாத்தாக்களுக்குப் பழக்கம். புது எழுத்தை மட்டும் படிக்கப் பழகிய மென்பொருள் அதைப் பார்த்ததும் முழிக்கும். யாராவது உட்கார்ந்து திருத்தித்தான் ஆகணும்.

பெயர் இன்னொரு தலைவலி. புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ.விருத்தாசலம். கவிதை எழுதும்போது வேளூர் கந்தசாமிப் பிள்ளை ஆகிவிடுவார். மூவரும் ஒருவரே என்று யாராவது பதிவில் இணைத்து வைக்காவிட்டால், ஒரு பெயரைத் தேடுகிறவருக்கு மற்ற பெயர்களில் வந்தவை கண்ணிலேயே படாது. 

வருஷமாவது சுலபமா? பழைய புத்தகங்கள் சிலவற்றில் `விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். தமிழ் ஆண்டுகள் 60 வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருபவை. அப்படியென்றால் அது 1889-ஆ, 1949-ஆ? அச்சகத்தின் பெயர், தாள், விலை எல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றை, அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-லிருந்து நூலகமாக இயங்குகிறது. புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ்கூட அதில் உண்டு. முதலில் மைக்ரோஃபிலிம், பிறகு டிஜிட்டல் என்று தொழில்நுட்பம் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் `இது என்ன, யாருடையது, எப்போதையது' என்று பதிவு எழுதும் வேலை மட்டும் மாறவில்லை. என்னைக் கேட்டால் ஸ்கேனரைவிட இதுதான் கஷ்டம்.

சீர்காழியில் பிறந்து, இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-லேயே வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலக விதிகளில் ஒன்றாக எழுதிவைத்தார். அப்போது கார்டு கேட்டலாக், இப்போது தேடல் பெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நீங்கள் தேடும்போது என்ன செய்யலாம்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். அங்கே ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். `சுப்பிரமணிய' என்று தேடி வரவில்லையா? `சுப்ரமண்ய' என்றும் அடித்துப் பாருங்கள். நூலின் பெயரை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரில் தேடுங்கள். அப்பவும் வரலைன்னா புத்தகமே இல்லைனு முடிவு பண்ணிடாதீங்க. பக்கத்து நூலகத்தில் கேளுங்கள்.

வீட்டுப் பரணில் பழைய புத்தகக் கட்டு இருக்கிறதா? போனில் போட்டோ எடுத்துட்டோமேனு எடைக்குப் போட்டுடாதீங்க. தலைப்புப் பக்கத்தையும் அச்சக விவரத்தையும் ஒரு நூலகரிடம் காட்டிக் கேளுங்கள். வேறெங்கும் இல்லாத பிரதியாகக்கூட அது இருக்கலாம்.