கராச்சியில் ஒரு குஜராத்தி நாளிதழ்

பாகிஸ்தானில் முஸ்லிம்கள் நடத்தும் பத்திரிகை என்றால் உருதுவில்தான் இருக்கும்னு நாம நினைச்சுக்குவோம். ஆனால் கராச்சியின் ‘மில்லத்’ ஒரு குஜராத்தி நாளிதழ். அகமதாபாத்தில் அச்சாகும் அதே எழுத்து, அதே மொழி. இது எப்படி அங்கே போச்சு?

1947 பிரிவினையின்போது கத்தியவார் பகுதியின் பாந்த்வா, குதியானா, தோராஜி போன்ற ஊர்களிலிருந்து மேமன்கள் பெருமளவில் கராச்சிக்குப் போனார்கள். வணிகச் சமூகம். ஊரை விட்டாலும் ஊர்ப்பெயரை விடலை; கராச்சியில் இன்றும் ஜமாஅத்கள் ஊர்வாரியாகத்தான். சமூக சேவகர் அப்துல் சத்தார் எதி பாந்த்வாக்காரர். மேமன்கள் மட்டுமல்ல, கோஜாக்களும் போராக்களும் குஜராத்தி வாசகர்களே. கோஜா குடும்பத்தில் பிறந்த ஜின்னாவுக்கும் தாய்மொழி குஜராத்தி. ‘டான்’ நாளிதழுக்கே ஒரு காலத்தில் குஜராத்திப் பதிப்பு இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேமன்கள் வீட்டில் பேசுவது மேமனி. சிந்தி, கச்சி மொழிகளுக்கு நெருக்கமான பேச்சு அது. எழுத்து என்று வந்தால், கடைக் கணக்கு முதல் செய்தித்தாள் வரை குஜராத்திதான். அதாவது பேசுவது ஒன்று, படிப்பது இன்னொன்று.

அச்சுத் தொழில்நுட்பமும் குஜராத்திக்குச் சாதகமாக இருந்தது. ஈய எழுத்தில் கோத்து அச்சடிக்க வசதியான எழுத்து அது; ‘மும்பை சமாச்சார்’ 1822லேயே வந்துவிட்டது. உருதுவின் நஸ்தலீக் அப்படியில்லை. எழுத்துகள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாறும். அதனால் காத்திப் எனப்படும் எழுத்தர்கள் பக்கம் பக்கமாகக் கையால் எழுதித்தான் பத்திரிகை வந்தது. கணினி நஸ்தலீக்கை ‘ஜங்’ நாளிதழ் பயன்படுத்தத் தொடங்கியது 1981ல்.

இவ்வளவு முன்னிலை இருந்தும் குஜராத்திதான் தேய்ந்தது. காரணம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் உருது, ஆங்கில வழியில் படித்தார்கள். பாட்டி பேசும் மேமனி பேரனுக்குப் புரியும்; தாத்தா படிக்கும் பேப்பரை அவனால் எழுத்துக்கூட்டக்கூட முடியாது. மில்லத்தை நிறுவிய ஃபக்ரே மாத்ரியே பின்னாளில் ‘ஹுரியத்’ என்ற உருது நாளிதழையும் தொடங்கினார்.

ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். யூனிகோடு 1991ல் வந்த முதல் பதிப்பிலேயே குஜராத்திக்கு இடம் கொடுத்துவிட்டது. இன்று எந்த செல்பேசியிலும் குஜராத்தி அடிக்கலாம். எழுத்துரு இருக்கு, விசைப்பலகை இருக்கு, வாசகர்தான் இல்லை. ஒரு மொழியைக் கணினியில் ஏற்றிவிட்டால் காப்பாற்றியாச்சு என்ற நம் துறையின் நம்பிக்கைக்குக் கராச்சி ஒரு நல்ல மறுப்பு.

இடம்பெயர்ந்த ஒரு சமூகம் புது நகரத்தில் வேரூன்றிய கதை அந்தப் பழைய இதழ்களில் இருக்கிறது. அவற்றை ஸ்கேன் செய்ய இயந்திரம் போதும். ஆனால் எந்தப் பெயர் எந்தக் குடும்பம், எந்தத் தெரு எங்கே என்று சரிபார்க்க, அந்த எழுத்தும் அந்த ஊரும் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் இப்போது தாத்தா பாட்டிகள். வேலையைத் தொடங்குவதென்றால் அவர்கள் இருக்கும்போதே தொடங்கணும்.