நுன்சாக்கு: இரட்டைக் கோலின் கதை

ஓரடி நீளத்தில் இரண்டு மரக்கோல்கள், அவற்றின் தலைகளை இணைக்க ஒரு கயிறு அல்லது சங்கிலி. நுன்சாக்கு இவ்வளவுதான். கோல்கள் உருளையாகவோ எட்டுப் பட்டையாகவோ இருக்கும். கருவாலி போன்ற கெட்டி மரமே இதற்கு ஏற்றது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையுள்ள தூரம் ஒரு கோலின் நீளம், உள்ளங்கையின் அகலம் கயிற்றின் நீளம் என்பது பழைய கணக்கு. கயிறு அதைவிட நீண்டுவிட்டால் கோல் கைக்கு அடங்காது.

இதன் பிறந்தகம் ஜப்பானின் தெற்கிலுள்ள ஓகினாவா. ரியூக்யு என்ற பெயரில் தனி அரசாக இருந்த அத்தீவுகளை 1609இல் ஜப்பானின் சத்சுமா சிற்றரசின் படைகள் கைப்பற்றின. 1879இல் ஜப்பான் அவற்றைத் தன் மாநிலமாக்கிக்கொண்டது. வாளைப் பறிகொடுத்த உழவர்கள் கதிரடிக்கும் இணைத்தடியையே ஆயுதமாக்கினார்கள் என்ற கதை கராத்தே பள்ளிகளில் சளைக்காமல் சொல்லப்படுகிறது. குதிரைக் கடிவாளத்தின் மரத்துண்டுகளிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டுக்குமே எழுத்துச் சான்று கிடையாது. தவிர, ஓகினாவாவின் போர்க்கலைகளை வளர்த்தவர்களில் பலர் பெச்சின் எனப்பட்ட அரசு அலுவலர் வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஏர் பிடித்தவர்கள் அல்லர்.

ஓகினாவாவின் ஆயுதக்கலையான கொபுடோவில் நுன்சாக்குக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. ‘போ’ என்னும் ஆறடிக் கம்புக்கும், சூலம் போன்ற ‘சாய்’க்கும் வழிவழியாக வந்த ‘கதா’க்கள், அதாவது வரிசைப்படுத்தப்பட்ட அசைவுப் பாடங்கள், ஏராளம். நுன்சாக்குக்கு இருப்பவை சொற்பம். அவற்றிலும் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தைரா ஷின்கென் (1897–1970) என்ற ஆசான் அமைத்தது.

ஆயுதம் என்ற அளவில் இதன் பலமும் பலவீனமும் அந்தக் கயிற்றில்தான் இருக்கின்றன. ஒரு கோலைப் பிடித்து மணிக்கட்டைச் சுண்டினால், கையின் வேகம் கயிற்றின் வழியே அடுத்த கோலுக்குப் போய், அதன் நுனியில் பன்மடங்காகிறது. அடியின் அதிர்ச்சியும் பிடித்த கைக்கு அவ்வளவாக ஏறாது. ஆனால் பட்டதும் கோல் துள்ளித் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும் என்பது பட்ட இடத்தையும் கோணத்தையும் பொறுத்தது. விறைப்பான கம்பைப் போல எதிரியின் வீச்சைத் தடுத்து நிறுத்தவும் இதனால் இயலாது. ஆகவே பயிற்சியில் அடிப்பதற்கு முன்பே பிடிப்பதைக் கற்றுத்தருகிறார்கள். சுழன்று வரும் கோலை அக்குளில் இடுக்கி நிறுத்துவது, தோளுக்குப் பின்னால் போகவிட்டு மறுகையால் வாங்குவது ஆகியவை தொடக்கப் பாடங்கள். புதிதாகக் கற்பவரின் முழங்கையும் பின்மண்டையும் வீங்குவது இங்கே சகஜம்.

இந்தச் சிற்றாயுதத்தை உலகறியச் செய்தவர் புரூஸ் லீ. அவருக்கு இதை அறிமுகப்படுத்தியவர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியில் வந்த அமெரிக்க ஆசான் டான் இனோசான்டோ. பிலிப்பைன்ஸிலும் ‘தபாக் தோயோக்’ என்றொரு இரட்டைக் கோல் உண்டு. 1972இல் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’, அதே ஆண்டில் ‘வே ஆஃப் த டிராகன்’, 1973இல் ‘என்டர் த டிராகன்’ என்று அடுத்தடுத்து நுன்சாக்கு திரையில் சுழன்றது. ‘வே ஆஃப் த டிராகன்’ படத்தில் கீழே கிடக்கும் நுன்சாக்கை ஓர் அடியாள் எடுத்து வீசப்போய், தன் தலையிலேயே போட்டுக்கொண்டு சாய்கிறான். நகைச்சுவைக்காக வைத்த காட்சிதான். ஆனால் இந்த ஆயுதத்தைப் பற்றி அத்தனை படங்களிலும் சொல்லப்பட்ட உண்மையான செய்தி அதுவே.

சண்டையில் பாதகமாக இருப்பது கேமராவுக்குச் சாதகமாயிற்று. காற்றைக் கிழிக்கும் ஓசையும், கை மாறும் வேகமும், அடி விழாமலேயே அச்சமூட்டும் அந்தச் சுழற்சியும் வேறெந்தக் கம்புக்கும் வாய்க்கவில்லை. ஊருக்கு ஊர் இளைஞர்கள் துடைப்பக் கட்டையை அறுத்துச் சங்கிலி மாட்டினார்கள்.

படங்களுக்குப் பின்னாலேயே சட்டமும் வந்தது. நியூயார்க் மாநிலம் 1974இல் நுன்சாக்கைத் தடை செய்தது; கனடாவிலும் ஜெர்மனியிலும் இது தடை செய்யப்பட்ட ஆயுதம். பிரிட்டனின் தணிக்கைத் தலைவர் ஜேம்ஸ் ஃபெர்மன் இதைத் திரையில் காட்டவே விடவில்லை. ‘என்டர் த டிராகன்’ படத்தின் புகழ்பெற்ற காட்சியே வெட்டுப்பட்டது. 1991இல் வந்த நிஞ்சா ஆமைகள் படத்தில் மைக்கலேஞ்சலோ என்ற ஆமை தொத்திறைச்சிச் சரத்தை நுன்சாக்குபோலச் சுழற்றும் காட்சிக்குக்கூடக் கத்தரி விழுந்தது. நியூயார்க்கின் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அரிசோனா 2019இல் தன் தடையை நீக்கியது.

இதற்கிடையே, 1980களில் கொலராடோவைச் சேர்ந்த போலீஸ் அதிகாரி கெவின் ஆர்கட் ஞெகிழியால் ஒரு நுன்சாக்கு செய்தார். அடிப்பதற்காக அல்ல, கயிற்றுக்கும் கோல்களுக்கும் இடையே மணிக்கட்டையோ கணுக்காலையோ சிக்கவைத்து முறுக்கி ஆளை அடக்குவதற்காக. அமெரிக்கக் காவல் துறைகள் பல அதை வாங்கின. ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு மணிக்கட்டுக் காயங்கள் ஏற்பட்டு வழக்குகள் வந்ததும் பல கைவிட்டன.

இன்று நுன்சாக்கு பெரும்பாலும் பயிற்சிக்கூடங்களிலும் போட்டி மேடைகளிலும்தான் சுழல்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நுரை உறை போட்ட கோல்கள் தரப்படுகின்றன. வேகத்துக்கும் வித்தைக்கும் மதிப்பெண் தரும் போட்டிகளில் சங்கிலியும் பந்துத் தாங்கியும் பொருத்திய இலேசான கோல்களுக்கே மவுசு. கொபுடோ பள்ளிகள் மட்டும் கனமான மரத்தையும் கயிற்றையும் விடுவதாயில்லை.