பழைய பெட்டிக்குள் புதிய விளையாட்டு

யந்திரங்களோடு வாழ்ந்த காலம் – 9

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன பின்னர், மண்ணெண்ணெயில் ஓடப் பழகிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 கார்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதே காலத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த ஒரு காரியத்திலிருந்து இவ்வாரம் தொடங்குகிறேன். பற்றறி அகப்படாத அந்த இரவுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை வானொலிப் பெட்டிக்கு இழுத்து, சிறுவர்களாகிய நாங்கள் முறைவைத்துப் பெடலைக் கையாற் சுற்ற, பெரியவர்கள் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்பார்கள். கை சோர்ந்தால் குரலும் சோரும். "நிப்பாட்டாதை தம்பி, சுத்து" என்பார் அப்பு.

அந்தச் சுற்றுதலின் பொருளை, அட்டாரி 2600 என்னும் பழைய வீடியோ கேம் பெட்டியின் உள்ளமைப்பைப் பிற்காலத்திற் கற்றபோதுதான் நான் நன்குணர்ந்தேன். 1977இல் வெளிவந்த அப்பெட்டியின் நினைவகம் 128 பைற் மாத்திரமே. இக்காலக் கணினிகள் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற் செலவிடுவதால், நீங்கள் இப்போது வாசிக்கும் இந்த வாக்கியமே அதில் அடங்காது. திரையில் தோன்றும் படத்தை முழுதாகச் சேர்த்துவைக்க அதில் இடமில்லை. ஆகையால், ரிவியின் எலெக்ரோன் கதிர் கோடு கோடாக வரைந்து செல்லுகையில், செயலியும் அதனுடன் கூடவே ஓடி, எந்தக் கோட்டில் எது எங்கே தோன்றவேண்டும் என்பதை அந்தந்தக் கணத்திலேயே எடுத்துக்கொடுக்க வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பவை 76 துடிப்புகள். மிகச் சிறிய கட்டளைக்கே இரண்டு துடிப்புகள் கழிந்துவிடும்.

பழைய சினிமாப் படத்தைப் புதிய வசதிகளுடன் எடுப்பதை ரீமேக் என்கிறோம். புதிய விளையாட்டொன்றைப் பழைய யந்திரத்தின் சக்திக்கேற்ப மறுபடி சிருஷ்டிப்பதை அத்துறையினர் டிமேக் என்பர். அவ்வகையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, எட் ஃபிரைஸ் 2010இல் வெளியிட்ட ‘ஹேலோ 2600’. 2001இல் எக்ஸ்பொக்ஸ் பெட்டியுடன் ‘ஹேலோ’ வெளிவந்தபோது மைக்ரோசொப்ட்டின் விளையாட்டு வெளியீட்டுப் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் அவர். எக்ஸ்பொக்ஸின் நினைவகம் 64 மெகாபைற். அட்டாரியினுடையதைப் போல் ஐந்து லட்சம் மடங்குக்கும் அதிகம். அத்தகைய யந்திரத்தின் பெருமையை அறிந்த ஒருவர், நிக் மொன்ற்ஃபோர்ட்டும் இயன் பொகோஸ்ற்றும் அட்டாரியைப் பற்றி 2009இல் வெளியிட்ட நூலை வாசித்து, அதனால் தூண்டப்பெற்று, அச்சிறு பெட்டிக்கு நிரல் எழுதக் கற்று, தம் விளையாட்டு முழுவதையும் 4 கிலோபைற்றுக்குள் அடக்கினார்.

முப்பரிமாணப் பெருவெளியை அவர் விட்டார். நாயகனின் கண்வழியே உலகைக் காட்டும் பார்வையையும் விட்டார். பச்சைக் கவசம் பூண்ட வீரன், அவன் துப்பாக்கி, எதிர்ப்படும் பகைவர், அறை அறையாகக் கடந்து முன்னேறும் பிரயாணம் ஆகியவற்றை வைத்துக்கொண்டார். எதை விடலாம் என்பதை அறிய, அந்தப் பொருள் எதனால் உயிர்வாழ்கிறது என்பதை முன்னதாக அறிந்திருத்தல் வேண்டும். அவ்விவேகம் அபிமானமின்றி வாய்ப்பதில்லை. 2013இல் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் அவ்விளையாட்டைத் தன் நிரந்தரச் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது.

எல்லாப் பிரயாசைக்கும் இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. 2007இல் வெளிவந்த ‘போர்ட்டல்’ விளையாட்டை, 1996ஆம் ஆண்டைச் சேர்ந்த நின்ரெண்டோ 64 பெட்டிக்கென அரும்பாடுபட்டு எழுதிவந்த ஜேம்ஸ் லம்பேட், நின்ரெண்டோவின் உரிமைக்குட்பட்ட மென்பொருளை அதிற் பயன்படுத்தியிருந்த காரணத்தால், ‘போர்ட்டல்’ உரிமையாளராகிய வால்வ் நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க, 2024 ஜனவரியில் அதைக் கைவிட நேர்ந்தது.

இவர்களுடைய சிக்கனத்தையும் நம்முடையதையும் ஒரே தராசில் நிறுத்த நான் துணியேன். ஃபிரைஸ் தாமே விரும்பித் தமக்கு எல்லை வகுத்துக்கொண்டார்; நம்மீதோ யுத்தகாலத்தில் தடை சுமத்தப்பட்டது. நம்மவரின் சாமர்த்தியத்தைப் போற்றும் வாயால் அந்தத் தடைக்கு ஒரு நன்மொழி கூறுவதும் பாவமாகும்.

ஆயினும் அட்டாரியின் செயலிக்கும் எங்கள் விறாந்தைச் சைக்கிளுக்கும் ஓர் உறவு உண்டு. நாளைக்கென்று எடுத்துவைக்க இரண்டிலும் இடமில்லை. செயலி பிந்தினாற் படம் குலையும், பெடல் ஓய்ந்தாற் செய்தி அறும். அந்தப் பச்சை வீரன் திரையில் ஆடாது அசையாது நிற்பதைக் காணும்போதெல்லாம், அவன் சும்மா நிற்கவில்லை, யாரோ விடாமற் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று என் வலக்கை அறிகிறது.

(அடுத்த வாரம்: பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகைகள்)