சித்திரப் படத்தில் பெரியவர்களுக்கு என்ன பயம்?

"குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன் படம்தானே, அதில் பெரியவர்கள் பயப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்த தாய் தந்தையரைத் தனியே விசாரித்தால் வேறு பதில் கிடைக்கும். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் தமக்கு நெஞ்சு அடைத்தது என்பார்கள். பிள்ளை அலறி முகத்தை மூடிக்கொண்ட இடத்தில் தமக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பார்கள்.

இது கோழைத்தனமும் அல்ல, வேடிக்கையும் அல்ல. ஒரே படத்தில் குழந்தைக்கு ஒரு பயமும் பெரியவருக்கு வேறொரு பயமும் இருக்கின்றன. கோலார் தங்கவயலில், குறிப்பாக நந்திதுர்க் போன்ற சுரங்கக் குடியிருப்புகளில், இதைப் புரிய வைக்க அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர் ஒரு பயத்தை மறைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வைப்பது என்பது இந்த ஊரின் பல தலைமுறைப் பழக்கம்.

ஏழு சுரங்கத் தொழிலாளர்கள்

உலகப் புகழ் பெற்ற முதல் முழுநீள வண்ணச் சித்திரப் படமான வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. குழந்தைகளுக்கான கதை என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் பிரிட்டனின் தணிக்கையாளர்கள் மறு ஆண்டில் அதைப் பார்த்துவிட்டு, சிறுவர் சிறுமியர் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும் என்ற வகைச் சான்றிதழைக் கொடுத்தார்கள். அழகிய அரசி ஒருத்தி மருந்து குடித்துக் கூன் விழுந்த கிழவியாக மாறும் காட்சி பிள்ளைகளை மிரட்டிவிடும் என்பது அவர்கள் கவலை. துணைக்குப் போகும் பெரியவரைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

அந்தப் படத்தில் வரும் ஏழு குள்ளர்களும் சுரங்கத் தொழிலாளர்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பகலெல்லாம் பாறையைத் தோண்டி மணிக் கற்களை எடுத்து, மாலையில் பாட்டுப் பாடிக்கொண்டே வரிசையாக வீடு திரும்புகிறார்கள். அந்தச் சுரங்கத்தில் தூசி இல்லை, இருமல் இல்லை, பாறை வெடிப்பு இல்லை. ஏழு பேர் போகிறார்கள், ஏழு பேரும் திரும்பி வருகிறார்கள். எண்ணிக்கை சரியாக இருப்பதன் அருமை தங்கவயலில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் காலடி வைத்ததிலிருந்து, பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் மீது அமுக்கம் மிக அதிகம். ஓரிடத்தில் தோண்டி எடுத்ததும், தாங்கி நின்ற பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அதன் அதிர்ச்சி மேலே உள்ள லைன் வீடுகளிலும் தெரியும். இந்தப் பாறை வெடிப்புகளை ஆராய்ந்து வந்த அனுபவத்தின் மேல்தான் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது.

தரை அதிரும்போது குழந்தை பயப்படுவது சத்தத்துக்கு. தாய் பயப்படுவது, கீழே இருப்பவர் மேலே வருவாரா என்பதற்கு. சத்தம் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். தாயின் பயம் ஷிப்டு முடிந்து ஆள் வாசலில் வந்து நிற்கும் வரை அடங்காது. குழந்தையின் பயத்துக்கும் பெரியவரின் பயத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

கண்ணில் படுவதும் மனதில் படுவதும்

இந்த வேற்றுமையை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கான்டர் என்ற பேராசிரியை இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1983 நவம்பர் 20 அன்று அணுகுண்டுப் போரால் ஒரு நாட்டுப்புறம் அழிவதைக் காட்டும் 'தி டே ஆஃப்டர்' என்ற படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மறுநாள் இரவு கான்டரும் அவரது குழுவினரும் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான் மிகக் குறைவாகக் கலங்கியிருந்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதினர் அவர்களைவிட அதிகம் கலங்கினார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கியவர்கள் பெற்றோர்கள்.

காரணம் எளிது. சின்னப் பிள்ளை கண்ணில் படுவதற்குப் பயப்படுகிறது. கோரைப்பல், கூன் முதுகு, பச்சை நிறத் தோல் இவை போதும். வயது ஏற ஏற, மனிதன் கண்ணில் படாததற்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறான். நாளை என்ன ஆகும், பிள்ளையை யார் பார்ப்பார்கள், தான் இல்லாவிட்டால் வீடு என்ன ஆகும் என்ற பயங்களுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை.

சித்திரப் படங்களோ இந்த இரண்டையும் சேர்த்துத் தருகின்றன. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 1937 முதல் 2013 வரை வந்து அதிக வசூல் கண்ட 45 குழந்தைகள் சித்திரப் படங்களை எடுத்துக்கொண்டு, அதே காலத்தில் பெரியவர்களுக்காக வந்த கதைப் படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரங்கள் சாகும் அபாயம் குழந்தைகள் படங்களிலேயே இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கதாநாயகப் பிள்ளையின் தாய் தந்தையர் சாகும் அபாயமோ ஐந்து மடங்குக்கும் மேல். படம் பார்க்கும் வீட்டில் தாயும் தந்தையும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் பொருள் விளங்கும்.

தண்டனை இல்லாத வண்டிக்காரன்

1940-இல் வந்த 'பினோக்கியோ' இதற்கு நல்ல உதாரணம். அந்தப் படத்தில் ஒரு வண்டிக்காரன் ஊர்ப் பிள்ளைகளைத் தின்பண்டமும் விளையாட்டும் காட்டி ஒரு தீவுக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவர்கள் ஒவ்வொருவராகக் கழுதையாக மாறுகிறார்கள். மாறியவர்களைப் பெட்டியில் அடைத்து உப்புச் சுரங்கத்துக்கும் சர்க்கஸுக்கும் விற்றுவிடுகிறான். கழுதையான பின்னும் பேச்சு மறக்காத சிறுவன் ஒருவன் அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுகிறான்.

பிள்ளைகள் கழுதைக் காதைக் கண்டு முதலில் சிரிக்கின்றன, பிறகு மிரள்கின்றன. பெரியவர் கவனிப்பது வேறு. அந்த வண்டிக்காரன் படத்தில் பிடிபடுவதே இல்லை; அவனுக்குத் தண்டனையும் இல்லை. பினோக்கியோ ஒருவன் தப்பி வருகிறான். மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பியதாகக் காட்டப்படவே இல்லை. இனிக்கப் பேசிப் பிள்ளையை அழைத்துப் போகும் அந்நியன், சுரங்கத்தில் மாடாய் உழைக்கும் குழந்தை இவை கற்பனை அல்ல என்பது பெரியவருக்குத் தெரியும்.

2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்திலும் அப்படியே. பிள்ளைகள் சுறாமீனுக்குப் பயப்படுகிறார்கள். தந்தையரோ படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பயந்துவிடுகிறார்கள். மனைவியையும் ஒன்றைத் தவிர மற்ற எல்லா முட்டைகளையும் இழந்த ஒரு மீன், எஞ்சிய ஒரே பிள்ளையைக் கண்ணை விட்டு அகலாமல் வளர்க்கிறது. அந்தப் பிள்ளையும் ஒருநாள் காணாமல் போகிறது. அதற்கு மேல் அது சிரிப்புப் படமாக இருந்தாலும், தந்தை சிரிப்பது அரை மனதோடுதான்.

நிஜ நடிகர் நடித்த படமானால், படப்பிடிப்பு முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்ற ஆறுதலாவது உண்டு. கோட்டில் வரைந்த மீனுக்கும் மானுக்கும் திரைக்கு வெளியே வாழ்வு கிடையாது. அது செத்தால் செத்ததுதான். போதாக்குறைக்கு, பேய்ப் படத்துக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போகிறவர், பிள்ளைகள் படத்துக்கு எந்தக் காப்பும் இல்லாமல் போய் உட்காருகிறார். பாதியில் எழுந்து போகவும் முடியாது. மடியில் பிள்ளை இருக்கிறது.

இரணியன் யாருக்குச் சொன்ன கதை?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2025 ஜூலை 25 அன்று 'மஹாவதார் நரசிம்மா' என்ற இந்தியச் சித்திரப் படம் கன்னடம், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியானது. இயக்கியவர் அஸ்வின் குமார். அதை வழங்கியது, இந்த ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்துத் தங்கவயலின் சயனைடு மணல்மேடுகளில் படமெடுத்த அதே ஹொம்பாலே நிறுவனம். குடும்பம் குடும்பமாக மக்கள் போய்ப் பார்த்தார்கள்.

பிரகலாதன் கதை எல்லாப் பிள்ளைகளும் கேட்டதுதான். யானையை ஏவினாலும், நெருப்பில் இட்டாலும், நஞ்சைக் கொடுத்தாலும் பிரகலாதனுக்கு ஒன்றும் ஆகாது, கடைசியில் நரசிங்கம் தூணைப் பிளந்து வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே அது தைரியமாக உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் மனதில் தைப்பது, யானையை ஏவச் சொன்னவன் பெற்ற தகப்பன் என்பது. தன் பேச்சைக் கேட்காத பிள்ளைமேல் ஒரு தகப்பனுக்கு வரும் ஆத்திரம் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி அது. பிள்ளையை ஒருமுறையாவது கை ஓங்கி அடித்தவர் அந்தக் காட்சியை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

கம்ப ராமாயணத்தில் இந்தக் கதை எங்கே வருகிறது என்பதும் நினைவுகூரத் தக்கது. யுத்த காண்டத்தில், வீடணன் தன் அண்ணன் இராவணனை எச்சரிக்கச் சொல்லும் கதைதான் இரணியன் வதைப் படலம். குழந்தையைத் தூங்க வைக்கச் சொன்ன கதை அல்ல அது. வயது வந்த ஒருவனைப் பயப்பட வைக்கச் சொன்ன கதை. இராவணன் பயப்படவில்லை, அதனால் வந்த விளைவு எல்லோரும் அறிந்தது. பெரியவர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவது அறிவுக்கு அடையாளம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வீட்டில் விட்டு வந்த பிள்ளை

தணிக்கை விதிகள் இப்போது பிள்ளைகளின் வயதை நுணுக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, பெரியவர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய படங்கள் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வழிகாட்ட வேண்டிய பெரியவருக்கு யார் வழிகாட்டுவது என்று எந்த விதியிலும் இல்லை. அதை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கங்கள் மூடியபின் தங்கவயலின் பயம் இடம் மாறிவிட்டது. அப்போது வீட்டில் இருந்தவர் சுரங்கத்தில் இறங்கியவரை நினைத்துப் பயந்தார். இப்போது மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், விடிவதற்குள் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார்கள். 'ஸ்நோ ஒயிட்' படத்திலும் ஆபத்து சுரங்கத்தில் இல்லை. வேலைக்குப் போகும் முன் குள்ளர்கள் அந்தப் பெண்ணிடம் யாரையும் வீட்டுக்குள் விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் போன பின் கிழவி ஆப்பிளோடு ஜன்னலுக்கு வருகிறாள். செய்தி தெரிந்து அவர்கள் ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேலான படம். ஆனால் இரவு எட்டு மணிக்கு ரயிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போடுகிற தாய்க்கு அது நேற்று எடுத்த படம்.

அப்படியானால் இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? காட்டலாம், கூட உட்கார்ந்து காட்ட வேண்டும். பிள்ளை பயந்தால் "இதற்கெல்லாமா பயப்படுவாய்" என்று கேலி செய்யாமல், எது பயமாக இருந்தது என்று கேட்பது நல்லது. பல சமயம் பெரியவர் நினைத்த இடம் அதுவாக இராது. தமக்கே கண் கலங்கினால் தூசி விழுந்தது என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "அந்த மீனின் அப்பா பிள்ளையைத் தேடினாரே, அது எனக்குப் பயமாக இருந்தது" என்று சொல்லலாம். அப்பாவுக்கும் பயம் உண்டு, அந்தப் பயம் தன்னைப் பற்றியதுதான் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டும்போது ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கும்.

சுரங்கத்துக்குப் போனவர்களும் அவர்களுக்காகக் காத்திருந்தவர்களும் பயத்தை வெளியே சொல்லாமல் காலம் தள்ளினார்கள். சொன்னால் மறுநாள் இறங்க முடியாது என்பது அன்றைய நிலைமை. இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சித்திரப் படம் பார்க்கும்போது, "பாட்டி, உனக்கு எது பயம்?" என்று பேரன் கேட்டால், அவரிடம் சொல்வதற்கு எந்தப் படத்திலும் வராத கதைகள் நிறைய இருக்கும்.